பிச்சாவரம் ஏன் சுரபுன்னைக் காடு?

சிதம்பரத்தில் இறங்கி பிச்சாவரத்துக்கு வழி கேட்டால், "சுரபுன்னைக் காடுதானே?" என்பார்கள். முத்துப்பேட்டையில் அதே மாதிரிக் காட்டை விசாரித்தால், "அலையாத்திக் காடா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஆறும் கடலும் கலக்கும் சேற்றில், உப்புத் தண்ணீரில் கால் நனைத்து நிற்கும் காடுகள்தான். அப்புறம் ஏன் இரண்டு பெயர்?

இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில். சுரபுன்னை என்பது ஒரு மரம். அங்கே எந்த மரம் ஓங்கி நிற்கிறது என்று அந்தப் பெயர் சொல்கிறது. அலையாத்தி என்ற சொல் அலையை ஆற்றுவது, தணிப்பது என்ற பொருளில் வந்தது என்பார்கள். காடு எந்த மாதிரி இடத்தில் நிற்கிறது என்று அது சொல்கிறது. இயற்கையான தாவரக் கூட்டங்களை வகைப்படுத்தும் தாவரவியலாளர்களும் அடிப்படையில் இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். யார் ஓங்கி நிற்கிறார்கள்? எந்த இடத்தில்?

இவ்வளவுதான் விஷயம் என்று முடித்துவிடலாம்போல இருக்கும். ஆனால் இரண்டு கேள்விக்கும் பதில் தேடிக் காட்டுக்குள் இறங்கினால் ஒவ்வொன்றும் எவ்வளவு சிக்கலானது என்று தெரியவரும்.

முதலில், 'தாவரச் சமூகம்' என்றால் என்ன?

ஓர் இடத்தில் செடிகள் கண்டபடி முளைத்துக் கிடப்பதில்லை. சில செடிகளைச் சேர்ந்தே பார்க்கிறோம். கிழக்குக் கடற்கரையில் எங்காவது இறங்கி, ஆள் நடமாட்டம் குறைந்த மணல்மேட்டைப் பாருங்கள். அலைக்குப் பக்கத்தில் ஊதாப்பூ பூத்த அடும்புக் கொடி மணலில் படர்ந்திருக்கும். கூடவே, முள்ளுருண்டையாக உருண்டு ஓடும் இராவணன் மீசைப் புல். சென்னைக்குத் தெற்கே பார்த்தாலும் நாகப்பட்டினத்தில் பார்த்தாலும் அதே ஜோடி. உள்நாட்டில், பாறையும் செம்மண்ணுமான கரட்டில் விராலியும் ஆவாரையும் சேர்ந்து நிற்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கோரை. அடும்பைக் கரட்டிலும் விராலியை அலையோரத்திலும் நீங்கள் பார்க்கமாட்டீர்கள். ஒரே மாதிரி இடத்தைத் தாங்கக்கூடியவை, ஒன்றோடொன்று ஒத்துப்போகக்கூடியவை, திரும்பத் திரும்பச் சேர்ந்தே வருகின்றன. அந்தக் கூட்டத்தைத்தான் தாவரச் சமூகம் என்கிறோம். 'இயற்கையான' என்று சேர்த்துச் சொல்வது, மனிதர் நட்டு வளர்க்காதது என்பதற்காக. தென்னந்தோப்பில் தென்னைதான் ஓங்கி நிற்கிறது; ஆனால் அது நம் முடிவு, மண்ணின் முடிவு இல்லை.

ஓங்கி நிற்பது யார்?

இந்தக் கேள்விக்கு உயரத்தை வைத்துப் பதில் சொல்லிவிடக் கூடாது. வயல் வரப்பில் பத்துப் பனை நெடுநெடுவென்று நிற்பதால் அது பனங்காடு ஆகிவிடாது. அழகையோ அபூர்வத்தையோ வைத்தும் சொல்ல முடியாது. ஓங்கு இனம் என்பது அந்த இடத்தின் வெயிலை, தண்ணீரை, மண்ணை அதிகமாக எடுத்துக்கொள்வது. எடுத்துக்கொள்வதோடு நிற்காமல் மற்றச் செடிகளுக்கு என்ன மிஞ்சும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அதன் நிழல்தான் கீழே உள்ளவர்களின் வெயில் அளவு. அதன் சருகுதான் கீழே உள்ள மண். அந்த இனத்தை எடுத்துவிட்டால் அந்த இடமே வேறாகிவிடும் என்றால், அதுதான் ஓங்கு இனம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெடிப்பலா இதற்கு நல்ல உதாரணம். பலாப்பழத்தின் குட்டித் தம்பி மாதிரி முள்முள்ளாகக் காய்க்கும் மரம். ஆனைமலையிலும் களக்காடு–முண்டந்துறையிலும் நடுத்தர உயரத்தில் உள்ள மழைக்காட்டில் இதுதான் பெரும்புள்ளி. கிளையிலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். சிங்கவால் குரங்கும் கருமந்தியும் அந்தப் பூவையும் காயையும் தேடி வரும். மற்ற மரங்களில் பழம் இல்லாத நாட்களில் பல விலங்குகளுக்கு இதுதான் சாப்பாடு. வெடிப்பலா இல்லாத ஆனைமலையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

ஆனால் எல்லாக் காட்டிலும் பெரும்புள்ளி இவ்வளவு தெளிவாகத் தெரியாது. அங்கேதான் நாடாவை எடுத்துக்கொண்டு அளக்க வேண்டியிருக்கிறது.

எண்ணிப் பார்ப்பது

சோழமண்டலக் கடற்கரையில், புதுச்சேரிக்குப் பக்கத்துப் புத்துப்பட்டு போன்ற ஊர்களில், ஐயனார் கோயிலைச் சுற்றிக் கோயில் காடுகள் இருக்கின்றன. வெளியே மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்தால் பச்சையான, அடர்ந்த, அவ்வளவாக உயரமில்லாத காடு. இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். பெயரே முரண்போலத் தோன்றும். ஆண்டுக்குச் சுமார் அரை ஆண்டு மழையே இல்லை. கிடைக்கும் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் இலையை உதிர்த்துக் காலம் தள்ளுவதுதான் வழக்கம். இங்கே உதிர்ப்பதில்லை. சிறிய, தடித்த, பளபளப்பான இலைகளை வைத்துக்கொண்டு வறட்சியைத் தாக்குப்பிடிக்கின்றன.

அந்தக் காட்டில் எது ஓங்கு இனம்? உள்ளே போனவுடன் எங்கு பார்த்தாலும் காசா மரம். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயாதான் இது. நீலப் பூங்கொத்து, ஒல்லியான தண்டு. ஆனால் நடுவில் அங்கங்கே கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் பாலை மரம் நிற்கும். உலக்கை செய்ய உதவும் வைரம் பாய்ந்த கட்டை. அதனால் உலக்கைப்பாலை என்றும் பெயர். கூட்டத்தில் காசா அதிகம், பருமனில் பாலை அதிகம். யாருக்கு முதலிடம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஐம்பது மீட்டருக்கு ஐம்பது மீட்டர், அதாவது கால் ஹெக்டேர் இடம். நெஞ்சு உயரத்தில் தண்டின் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள மரங்களை மட்டும் எண்ணுகிறோம். மொத்தம் 100 மரம்: காசா 60, வீரை 20, பாலை 10, கருங்காலி 10.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் காசா நூற்றுக்கு 60. விவாதமே இல்லை.

இப்போது பருமன். காசாவின் சுற்றளவு 40 சென்டிமீட்டர், வீரையும் கருங்காலியும் 80, பாலை 160 என்று வைத்துக்கொள்வோம். தண்டை அந்த உயரத்தில் குறுக்காக அறுத்தால் தெரியும் வட்டத்தின் பரப்பைத்தான் அடிப்பரப்பு என்பார்கள். சுற்றளவு இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. சுற்றளவு நான்கு மடங்கானால் பரப்பு 16 மடங்கு. ஆக ஒரு பாலை 16 காசாவுக்குச் சமம். பத்துப் பாலை 160 காசா. வீரை 20 மரம் 80 காசா, கருங்காலி 10 மரம் 40 காசா. காசாவோ வெறும் 60. கூட்டினால் 340. இந்தக் கணக்கில் பாலைக்கு 47 விழுக்காடு, வீரைக்கு 24, காசாவுக்கு 18, கருங்காலிக்கு 12. எண்ணிக்கையில் ராஜாவாக இருந்த காசா மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது.

மூன்றாவதாக ஒன்றும் பார்ப்பார்கள்: பரவல். கால் ஹெக்டேரைப் பத்து மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 25 கட்டம். காசா 25 கட்டத்திலும் இருக்கிறது; வீரை 12 கட்டத்தில், பாலை 8இல், கருங்காலி 5இல். மொத்தம் 50. நூற்றுக்கு ஆக்கினால் காசா 50, வீரை 24, பாலை 16, கருங்காலி 10. இது எதற்கு என்றால், ஒரு மூலையில் மட்டும் கும்பலாக நிற்கும் மரம் எண்ணிக்கையில் ஏமாற்றிவிடக்கூடும். பரவலைப் பார்த்தால் அது பிடிபட்டுவிடும்.

இந்த மூன்றையும் கூட்டினால் ஒவ்வோர் இனத்துக்கும் 300க்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். முக்கியத்துவ மதிப்பு என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் காடுகளில் வேலைசெய்த கர்ட்டிஸ், மெக்கின்டாஷ் என்ற இருவர் 1951இல் இந்த வழியை எழுதினார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் இன்றும் தாவரச் சூழலியல் படிப்பவர்கள் கயிறு கட்டிப் போடும் கணக்கு இதுதான். நம் உதாரணத்தில் காசா 128, பாலை 73, வீரை 67 அல்லது 68, கருங்காலி 32. ஆக இது 'காசா–பாலை–வீரை' சமூகம். ஒரே பெயரில் அடங்காததால் இரண்டு மூன்று இனங்களைக் கோடு போட்டுச் சேர்த்து எழுதுவார்கள். முதல் பெயர் முதன்மை, அடுத்தவை துணை.

புல்வெளியிலும் புதரிலும் தண்டை அளக்க முடியாது. அங்கே மேலிருந்து பார்த்தால் தரையில் எவ்வளவு பங்கை ஒரு செடி மூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரான்-பிளாங்கே இதற்கு ஒரு எளிய அளவு வைத்தார்: ஐந்து விழுக்காட்டுக்குள் என்றால் 1, இருபத்தைந்து வரை 2, ஐம்பது வரை 3, எழுபத்தைந்து வரை 4, அதற்கு மேல் 5. கண்ணால் பார்த்தே போடலாம். கொஞ்சம் பழகிவிட்டால் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதிக் காட்டை அறிந்த ஈழத் தமிழருக்கு மேலே சொன்ன பெயர்களெல்லாம் பழக்கமானவையாக இருந்திருக்கும். பாலை, வீரை, கருங்காலி, கூடவே முதிரை. பாலைப்பழம் பொறுக்கிய நினைவு அங்கே பலருக்கு உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் துண்டு துண்டாகக் கோயில்களைச் சுற்றி மிஞ்சியிருக்கும் இந்தக் கூட்டம், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பெருங்காடாக நிற்கிறது. நடுவில் கடல் இருந்தாலும் மழை வரும் காலமும் வறண்ட காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஓங்கு இனம் மட்டும் போதாது

இராமநாதபுரம் பக்கம் பேருந்தில் போகும்போது சன்னல் வழியே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். எண்ணிக்கை, பருமன், பரவல் மூன்றிலும் அதற்குத்தான் முதல் மதிப்பெண். அப்படியானால் அது 'சீமைக்கருவேலச் சமூகம்' என்று எழுதி முடித்துவிடலாமா? மெக்சிகோவும் தென்னமெரிக்காவுமாக எங்கிருந்தோ கொண்டுவரப்பட்ட மரம் அது. களிமண்ணிலும் நிற்கிறது, உவர்நிலத்திலும் நிற்கிறது, கண்மாய்க்குள்ளும் நிற்கிறது. ஓங்கு இனத்தை மட்டும் கேட்டால் மூன்று வேறு இடங்களுக்கும் ஒரே பெயர்தான் வரும். அந்தப் பெயரை வைத்து அங்கே முன்பு என்ன இருந்தது, நாளை இதை அகற்றினால் எது திரும்பி வரும் என்று எதையும் சொல்ல முடியாது.

அதனால்தான் இரண்டாவது கேள்வி. எந்த இடம்? மழை எவ்வளவு, எப்போது, வறண்ட மாதம் எத்தனை, மண் களியா மணலா, தண்ணீர் தேங்குமா வடியுமா, உப்பு உண்டா, மலை என்றால் எத்தனை மீட்டர் உயரம். வாழிடம் என்று இதைச் சொல்கிறோம். ஓங்கு இனம் என்பது யார் ஜெயித்தார்கள் என்ற செய்தி. வாழிடம் என்பது எந்த விதிகளின்படி ஆட்டம் நடந்தது என்ற செய்தி. எனக்கு இரண்டில் வாழிடம்தான் பெரிதாகத் தோன்றுகிறது. செடியைப் பத்து ஆண்டில் மாற்றிவிடலாம். மண்ணை அப்படி மாற்ற முடியாது.

இதைக் கண்ணால் பார்க்கப் பிச்சாவரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைச் சேரும் இடங்களுக்கு நடுவில் இருக்கிறது. படகு குறுகலான கால்வாய்க்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்ததுபோல வேர்களை இறக்கி நிற்பது சுரபுன்னை. கிளையிலிருந்து நீளமான பச்சைக் குச்சிபோலத் தொங்குவது அதன் நாற்று. விதை மரத்திலேயே முளைத்துவிடும். படகில் போகிறவர்கள் இதை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவதால் காடு முழுக்கச் சுரபுன்னை என்று நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் சுரபுன்னை கால்வாய் ஓரத்து வரிசை மட்டுமே. அதற்குப் பின்னால், கொஞ்சம் மேடேறியதும், கண்டல் மரங்கள் தொடங்குகின்றன. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் தாண்டி, அலைநீர் எப்போதாவது மட்டும் எட்டிப்பார்க்கும் வெளியில் மரமே இல்லை. சதைப்பற்றுள்ள உமிரிச் செடி தரையோடு படர்ந்திருக்கும்.

ஏன் இந்த அடுக்கு? சுரபுன்னை வேரிலேயே உப்பை வடிகட்டி நிறுத்தப் பார்க்கும் மரம். அதற்கு அலை தினமும் வந்து போய்ச் சேற்றைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். கால்வாய் ஓரத்தில் அது நடக்கிறது. உள்ளே போகப் போகத் தண்ணீர் குறைவாக வருகிறது. வந்த தண்ணீர் வெயிலில் வற்றி உப்பு சேர்கிறது. கண்டல் அந்த உப்பைத் தாங்கும். உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். இன்னும் உப்பு ஏறினால் கண்டலாலும் முடியாது, உமிரிதான். சில நூறு அடியில் மூன்று சமூகங்கள். மழை ஒன்று, வெயில் ஒன்று, சேறும் ஏறக்குறைய ஒன்று. மாறுவது அலை எத்தனை தடவை வந்து போகிறது என்பது மட்டும்தான்.

இந்த விளக்கம் வெறும் பாடப்புத்தக விஷயமாக நிற்கவில்லை. முன்பு ஒரு காலத்தில் இங்கே மரங்களை முறைவைத்துப் பெரிய பெரிய பரப்பாக மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போனது, சேறு காய்ந்தது, நிலம் நடுவில் தட்டு மாதிரி அமுங்கியது. உள்ளே வந்த அலைநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பாக மாறியது. வெட்டியது மரத்தைத்தான், ஆனால் மாறிப்போனது வாழிடம். அங்கே மறுபடி மரம் நட்டால் போதும் என்று நினைத்திருந்தால் நட்டதெல்லாம் செத்திருக்கும். 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, மீன்முள் மாதிரி கிளைவிட்ட கால்வாய்களை வெட்டி, அலை வந்துபோக வழிசெய்து, அதன் பிறகு கண்டல் கன்றுகளை நட்டார்கள். காடு திரும்பியது. இரண்டாவது கேள்வியைச் சரியாகக் கேட்டதால் கிடைத்த பலன் இது.

எண்ணும் எழுத்தும்

இந்தியாவில் வனத்துறைத் திட்ட அறிக்கைகளைப் புரட்டினால் 7/சி1, 6ஏ/சி2 என்று குறியீடுகள் வரும். பார்த்தால் பூட்டு எண் போல இருக்கும், விஷயம் எளிதுதான். ஹாரி சாம்பியன் என்ற பிரிட்டிஷ் வன அதிகாரி 1936இல் இந்தியா, பர்மா காடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதை அவரும் எஸ்.கே.சேத்தும் திருத்தி 1968இல் வெளியிட்டார்கள். இன்றுவரை நாட்டில் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. முதல் எண், 16 பெரும் பிரிவுகளில் எது என்று சொல்லும்: 1 மழைக்காடு, 4 கடலோர, சதுப்பு நிலக் காடு, 5 வறண்ட இலையுதிர் காடு, 6 முள்காடு, 7 உலர் பசுமைமாறாக் காடு, 11 மலைமேல் சோலை, இப்படி. பக்கத்தில் இருக்கும் எழுத்து உட்பிரிவு. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் அது காரணத்தைச் சொல்கிறது. சி என்றால் இந்தக் காடு இப்படி இருப்பதற்குக் காரணம் தட்பவெப்பம். இ என்றால் மண். டிஎஸ் என்றால் வெட்டியும் எரித்தும் மேய்த்தும் சிதைந்துபோன நிலை. டிஎஸ்ஸை ஒரு கேள்விக்குறியோடுதான் வாசிக்க வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

6ஏ/சி2 என்பது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடைபோல விரிந்த உடைமரக் காடு. மழை குறைவு, அதனால் சி. 5/இ4 என்பது ஆச்சா மரக் காடு. சேலம், தருமபுரிப் பக்கம் மண் ஆழமில்லாத, பாறை தெரியும் சரிவுகளில் ஆச்சா கூட்டமாக நிற்கும். சுற்றியுள்ள காட்டுக்கும் இதற்கும் மழை ஒன்றே. மண்தான் வேறு, அதனால் இ. நம் கோயில் காடு 7/சி1.

இந்தப் பட்டியல் வாழிடத்துக்கு முதலிடம் கொடுத்து, ஓங்கு இனத்தை உள்ளே வைக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு வரைபடம் போட்டபோது ஓங்கு இனங்களையே தலைப்பில் வைத்தார்கள். வெடிப்பலாவும் நாங்கும் பாலி மரமும் ஓங்கிய நடு உயரக் காட்டுக்கு அந்த மூன்றின் தாவரவியல் பெயர்களையும் கோத்து ஒரு பெயர். கீழே, தாழ்ந்த உயரத்தில் வேறு மூன்று மரங்களின் பெயர். தெற்கே இரண்டு மூன்று மாதமே வறட்சி. வடக்கே போகப் போக அது ஏழெட்டு மாதம் வரை நீள்கிறது. அதற்கேற்ப ஓங்கு இனங்களும் மாறிக்கொண்டே போகின்றன. வரைபடத்தில் அந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே மழைக்காலம் எப்படிச் சுருங்குகிறது என்று தெரிந்துவிடும். இடத்தைச் சொல்லாமல் சொல்லும் பெயர்கள்.

திணையும் இதுதானா?

தமிழ் வாசகருக்கு இந்நேரம் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மனதில் ஓடியிருக்கும். நிலத்துக்குச் செடியின் பெயர் வைத்தவர்கள் நாம்தானே என்று பெருமையாகவும் இருக்கும். எனக்கும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. குறிஞ்சிச் செடி மலை முழுக்க ஓங்கி நிற்பதில்லை. உயர்ந்த மலைப் புல்வெளிச் சரிவுகளில் வளர்ந்து, 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. முல்லைக்கொடி காட்டை ஆள்வதில்லை. இவை அடையாளச் செடிகள். பார்த்தவுடன் இது இந்த நிலம் என்று சொல்ல வைப்பவை. தாவரவியலிலும் இந்த வழி உண்டு. மேலே சொன்ன பிரான்-பிளாங்கே ஓங்கு இனத்தைவிட, ஒரு சமூகத்தில் மட்டும் தவறாமல் வரும் அடையாள இனத்தையே பெரிதாக மதித்தார். திணை அந்தப் பக்கத்துக்குத்தான் நெருக்கம்.

பாலையைப் பற்றிய பழைய கருத்து என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். பாலைக்கென்று தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழை தவறித் திரிந்தால் வருவது பாலை. அதாவது ஒரு நிலம் தன் இயல்பிலிருந்து கெட்டுப்போன நிலைக்குத் தனிப் பெயர். சாம்பியன் பட்டியலின் டிஎஸ் எழுத்தும் அந்த வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது.

கோடு எங்கே விழும்?

பெயர் வைத்தாயிற்று. ஒரு சமூகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் எது? பிச்சாவரத்தில் படகிலிருந்தே காட்டலாம். மலைச்சரிவில் அப்படி முடியாது. வால்பாறைச் சாலையில் ஏறும்போது கீழே முள்புதர், அப்புறம் இலையுதிர் காடு, மேலே பசுமைமாறாக் காடு; ஆனால் எந்த வளைவில் மாறியது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடியாது.

நூறு ஆண்டுக்கு முன்னாலேயே இதற்காக ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. பிரெடரிக் கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1916இல் எழுதியதன் சாரம், தாவரச் சமூகம் ஓர் உயிரைப் போன்றது. பிறந்து, வளர்ந்து, அந்தத் தட்பவெப்பத்துக்கு உரிய உச்சநிலையை அடைந்து நிற்கும் என்பது. ஹென்றி கிளீசன் என்ற இன்னோர் அமெரிக்கர் 1926இல் அதை மறுத்தார். ஒவ்வோர் இனமும் தனக்குத் தாங்கும் இடத்தில் தானாக வளர்கிறது. சேர்ந்து நிற்பதாக நமக்குத் தெரிவது அவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால்தான் என்றார். பின்னாளில் மலைச்சரிவுகளில் மரம் மரமாக எண்ணிப் பார்த்தபோது கிளீசன் பக்கமே ஆதாரம் அதிகம் சேர்ந்தது. இனங்கள் குழுவாக வந்து குழுவாகப் போவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக மெல்லக் கூடி, மெல்லக் குறைகிறது.

அப்படியானால் வகைப்படுத்துவதே வீண் வேலையா? இல்லை என்பது என் எண்ணம். வானவில்லில் பச்சை எங்கே முடிந்து நீலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிடையாது. அதற்காகப் பச்சை, நீலம் என்ற சொற்களை யாரும் விட்டுவிடவில்லை. எல்லை மங்கல், நடுப்பகுதி தெளிவு. காட்டுப் பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் தப்பினால்

நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதியில் புல்வெளி விரிந்திருக்கும். மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு ஒடுங்கியிருக்கும். வெளியே பனி உறையும் இரவுகள், காற்று, மரக்கன்று தாங்காது. மடிப்புக்குள் ஈரமும் மறைவும் உண்டு. ஒரே மழை, ஒரே உயரம், இரண்டு வாழிடம், இரண்டு சமூகம். பள்ளத்துச் சதுப்பையும் சேர்த்தால் மூன்று. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல் அந்தச் சதுப்பில்தான் வளர்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தப் புல்வெளிக்கு ஒரு சமூகம் என்ற மதிப்புக் கிடைக்கவில்லை. மரம் இல்லாத இடம் என்றால் தரிசு, அல்லது காடு அழிந்து மிஞ்சிய இடம் என்றே பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரங்களும் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களும் நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, 20,000 ஆண்டுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததைக் காட்டியது. காட்டை வெட்டியதால் வந்த புல் இல்லை அது. அதற்குள் சீகை பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. இப்போது அதைப் பிடுங்கிப் புல்லை மீட்க அரும்பாடு படுகிறார்கள்.

டிஎஸ் எழுத்தைக் கேள்விக்குறியோடு வாசிக்கச் சொன்னது இதனால்தான். சமவெளியிலும் புல்லும் முள்மரமும் கலந்த திறந்தவெளிகள் எத்தனையோ, 'சிதைந்த காடு' என்று எழுதப்பட்டுக் குழி வெட்டி மரம் நடப்படுகின்றன. அவற்றில் சில உண்மையிலேயே சிதைந்த காடாக இருக்கலாம். சில, வெளிமானும் நரியும் தரையில் முட்டையிடும் பறவைகளும் காலங்காலமாக வாழ்ந்த முழுமையான புல்வெளிச் சமூகங்கள். எது எது என்று தெரிய, உட்கார்ந்து புல்லை எண்ண வேண்டும், மண்ணைப் பார்க்க வேண்டும். மரம் நடுவது நல்லதுதான் என்ற ஒரே நம்பிக்கையோடு அந்த வேலையைத் தாண்டிப் போகும்போது எனக்கு மனது கேட்பதில்லை.

உங்கள் ஊரில் தொடங்க நாடாகூட வேண்டாம். ஆற்றங்கரை, கரடு, கண்மாய் மேடு, கோயில் காடு என்று நட்டு வளர்க்காத ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி, உள்ளே எந்தச் செடி தரையை அதிகம் மூடியிருக்கிறது என்று மேலே சொன்ன ஒன்று முதல் ஐந்து அளவில் எழுதுங்கள். பெயர் தெரியாத செடிக்கு இலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர் ஒருவரிடம் காட்டினால் பாதிக்குமேல் பெயர் கிடைத்துவிடும். மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். மழைக்குப் பின் அங்கே தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். ஐம்பதடி தள்ளிப்போய் இன்னொரு கயிறு. மூன்று நான்கு இடம் முடிந்தால் எது திரும்பத் திரும்ப வருகிறது, எது எங்கே நின்றுபோகிறது என்று காகிதத்தில் தெரிய ஆரம்பிக்கும்.

ஊர்ப்பெயர்களையும் கூடவே கேளுங்கள். சிதம்பரத்துக்குப் பழைய பெயர் தில்லை. தில்லை ஒரு மரம். ஒடித்தால் பால் வடியும், அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும். இன்று ஊருக்குள் தில்லை வனம் கிடையாது. அதே மரத்தைப் பார்க்கப் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அது கால்வாய் ஓரத்தில் சுரபுன்னையோடு நிற்பதில்லை. கரையை ஒட்டிய மேட்டில், அலை அடிக்கடி எட்டாத உவர்மண்ணில் நிற்கிறது. அந்த மரம் வனமாக நின்று ஓர் ஊருக்குப் பெயர் கொடுத்திருக்கிறது என்றால், ஊர் எழும்பிய நாளில் அங்கே மண் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.